முஹர்ரக் முத்துப் பாதையில் ஒரு காலை

ஆண்டு விழா மலருக்கு ஆசிரியர்களும் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, வழமை போல இலக்கணம் பற்றியே எழுதலாம் என எண்ணியிருந்தோம். ஆயின் சென்ற மலரில் நாம் எழுதிய 'ஒற்று மிகும் இடங்கள்' என்னும் கட்டுரையை இறுதிவரை படித்ததாகப் பெற்றோர் ஒருவரேனும் இதுவரை சொல்லவில்லை. ஆதலால் இம்முறை, கடந்த தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மேல்வகுப்பு மாணவர் 22 பேரும் பெற்றோர் சிலரும் நாமுமாக முஹர்ரக் நகரில் நடந்த காலைப் பொழுதைப் பற்றி எழுத முற்படுகின்றோம். அன்று மாணவர் ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நாம் அளித்த விடை அரைகுறையானது. எஞ்சிய பாதியை இங்கே எழுதுகின்றோம்.

புதிதாகச் சேர்ந்த பெற்றோருக்காக எம்மைப் பற்றிச் சில வரிகள். நாம் பிறந்தது இலங்கையின் மன்னார் மாவட்டத்து அரிப்புக் கிராமத்தில். 1990ஆம் ஆண்டு, பதினொரு வயதில், தோணியேறி இராமேசுவரம் சேர்ந்து மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தோம். போர்நிறுத்தக் காலத்தில், 2003இல், ஊர் திரும்பிக் கணித ஆசிரியரானோம். 2007இல் சிலாவத்துறைப் பக்கம் மீண்டும் சண்டை வந்தபோது மாணவர் வரவுப் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினோம். 2010 முதல் பஹ்ரைன் வாசம். இங்கே எமது அட்டையில் 'களஞ்சியக் காப்பாளர்' என்றிருக்கிறது. அகதி என்ற சொல் அதில் இல்லை. வளைகுடாவின் ஆறு நாடுகளும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராதவை. எனவே இங்கு எவரும் அகதியாக இருக்க இயலாது, தொழிலாளராக மாத்திரமே இருக்கலாம். கிழமை முழுவதும் பெட்டிகளை எண்ணுகின்றோம். விடுமுறை நாளில் உங்கள் பிள்ளைகளுடன் உயிரெழுத்துகளை எண்ணுகின்றோம்.

முஹர்ரக், மனாமாவிலிருந்து பாலத்தைக் கடந்தால் வந்துவிடும் தீவு நகரம். விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஆயினும் நம்மிற் பெரும்பாலோர் வந்திறங்கிய இரவிலும் ஊருக்குப் புறப்படும் இரவிலும் மட்டுமே அதனைக் கண்டவர்கள். கிரேக்கர் காலத்தில் பஹ்ரைனின் பெருந்தீவு தைலோஸ் என்றும் முஹர்ரக் தீவு அராதோஸ் என்றும் வழங்கின. தைலோஸின் முத்துகளைப் பற்றி உரோமானியரான பிளினி எழுதியிருக்கிறார். மனாமா தலைநகராவதற்கு முன்னர் ஆட்சிப் பீடமாகவும் முத்து வாணிகத்தின் முதன்மைத் துறையாகவும் விளங்கியது முஹர்ரக்கே. அந்தத் தொழிலின் நினைவாக, நகருக்குள் 17 கட்டடங்களும், கடலுக்குள் மூன்று சிப்பிப் பார்களும், தென்கரையில் ஒரு கோட்டையும் சேர்ந்து 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றை இணைக்கும் நடைபாதை ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளம். முத்துப் பாதை என்பது அதன் பெயர். சந்து பொந்துகளில் வழி தவறாதிருக்க, முத்து வடிவ வெள்ளை விளக்குகளைத் தூண்களில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். விளக்கைப் பார்த்து நடந்தாற் போதும்.

எமக்கு வழிகாட்டியாக வந்தவர் முஹர்ரக்கிலேயே பிறந்த இளைஞர். அவருடைய பாட்டனாரின் தந்தை முத்துத் தோணியில் கயிறிழுத்தவராம். காலை உணவு உண்ணாமல் வருமாறு அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இதனால் தாய்மார் சிலருக்கு எம்மீது வருத்தம். பிள்ளையைப் பட்டினியாக அனுப்பும் வழக்கம் எந்தத் தமிழ்த் தாய்க்கும் இல்லை அன்றோ?

ஏழு மணிக்கு அபூ மாஹிர் கோட்டையின் கடற்கரையில் கூடினோம். கோட்டை சிறியது. "சேர், கோட்டை இவ்வளவுதானா?" என்றார் ஒரு மாணவர். (எமது பள்ளியில் இலங்கைப் பிள்ளைகள் 'சேர்' என்பர், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'சார்' என்பர். நாம் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்போம்.) ஆனால் அந்தக் கரைக்கு அருகிலிருந்துதான் ஆண்டுதோறும் தோணிகள் புறப்பட்டன. ஆனி மாத அளவில் தொடங்கி நான்கு மாதம் ஆண்கள் கடலிலேயே கிடந்தனர். வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் மூன்று பேரீச்சம்பழமும் ஒரு சிறு கிண்ணத்தில் ஏலக்காய் மணக்கும் கசந்த கஹ்வாவும் தந்தார். குளியாளரின் காலை உணவு ஏறத்தாழ அவ்வளவே. நிறைந்த வயிற்றோடு மூச்சடக்க இயலாது. சூரியன் மறைந்த பின்னரே சோறும் மீனும். கஹ்வா போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்ட வேண்டும். அதனை அறியாத பிள்ளைகள் கிண்ணத்தை மரியாதையாக நீட்ட, அவர் மீண்டும் மீண்டும் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்காவது கிண்ணத்தில் ஒரு சிறுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவர் தொழிலின் முறையைச் செய்து காட்டினார். மூக்கைக் கவ்வ ஆமையோட்டுக் கவ்வி, விரல்களுக்குத் தோலுறை, கழுத்தில் வலைக்கூடை, காலிற் கட்டிய கல். கல்லின் பாரத்தால் குளியாளர் விரைந்து கீழே போவார். கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். சிப்பி பொறுக்கி மூச்சு முட்டும் நேரத்தில் குளியாளர் இடுப்புக் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு நிமிடம், கூடினால் ஒன்றரை நிமிடம். இவ்வாறு ஒரு நாளில் எத்தனையோ தடவை. மாணவர்களை மூச்சடக்கச் சொல்லி அவர் கடிகாரம் பார்த்தார். முதலாவதாக வந்தவர் 41 விநாடி நின்றார். கரையில், நிழலில், கல்லில் அமர்ந்தபடி.

கயிற்றைப் பற்றிப் பேசியபோது எமக்கு ஊர் நினைவு வந்தது. எமது தந்தையார் சங்குக் குளியாளர். மன்னார்க் கடலில் மூச்சடக்கிச் சங்கெடுத்தவர். அவருடைய கயிற்றைப் பிடித்தவர் எமது தாய்மாமன். எங்கள் கரையில் கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பர். தன் தங்கையை விதவையாக்க எவனுக்கும் மனம் வராது என்பதே காரணம். இதனை வழிகாட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, பிறகு சிறிது நேரம் பேசாதிருந்தார்.

மாணவச் செல்வங்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கடலும் மன்னார்க் கடலும் ஒன்றையொன்று முன்பே அறிந்தவை. இங்கு 'ஹைர்' எனப்படுவதை நாம் முத்துப்பார் என்போம். தோணித் தலைவரை இங்கு நோகதா என்பர். நம் கரையோர முதியவர்களும் மரக்கலத் தலைவரை நகுதா என்றே வழங்கினர். பிரித்தானியர் ஆண்ட காலத்தில் அரிப்பு, கொண்டச்சி, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்தபோது, கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தோருடன் இந்த வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாளரும் இறங்கினர். மன்னாரில் குளிப்பு மாசி பங்குனியில் கடல் அடங்கிய சில வாரங்கள் மட்டுமே. அது முடிந்து திரும்பினால் இங்கே பருவம் தொடங்கும். 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் பெருவிளைச்சல் கிடைத்தது. மறு ஆண்டே அரசு பார்களை ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட, கம்பனி நட்டப்பட்டது. எமது கிராமத்தில் ஆளுநர் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகை ஒன்று உண்டு. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். சிப்பி சுட்ட சுண்ணாம்பு பூசிய அந்தச் சுவர்களைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. நாம் சிறுவனாக ஏறி விளையாடிய மூலை இப்போது இல்லை. முஹர்ரக்கில் ஒவ்வொரு சுவருக்கும் தாங்குகோலும் சுண்ணமும் கொடுத்துக் காப்பதைப் பார்த்தபோது சிறிது பொறாமை தோன்றியது உண்மை.

ஒன்பதரை மணிக்குக் கைசரிய்யா அங்காடியை அடைந்தோம். பசி தாங்காத பிள்ளைகள் தேநீர்க் கடையின் நீண்ட வாங்குகளை ஒரு நொடியில் நிரப்பினர். முதலில் வந்தது பலாலீத். இனிப்பும் ஏலமும் குங்குமப்பூவும் சேர்த்த சேமியா, அதன் மேல் முட்டைப் பொரியல். "பாயாசத்துக்கு மேல் ஏன் முட்டை போட்டிருக்கிறார்கள்?" என்று ஒருவர் முகம் சுளித்தார். இரண்டு வாய் உண்ட பின் பேச்சில்லை. அவித்த கொண்டைக்கடலை, அவித்த பெரிய அவரைப் பருப்பு, தன்னூர் அடுப்பின் சுவரில் அறைந்து சுட்ட ரொட்டி, பாலில் கொதித்த தேநீர் ஆகியன தொடர்ந்தன. கடலைக்குத் தாளிதம் போடவில்லை என்பது தாய்மாரின் ஒருமித்த தீர்ப்பு. ரொட்டி சுடுபவர் வெறுங்கையைத் தணலுக்குள் விட்டெடுப்பதைப் பார்ப்பதற்கென்றே சிலர் மூன்றாம் ரொட்டி கேட்டனர்.

அருகிலுள்ள பார்வையாளர் மையத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் வலேரியோ ஒல்ஜியாத்தி வடிவமைத்து 2019இல் திறக்கப்பட்ட அது, பழைய பண்டகசாலைகளின் இடிபாட்டுக்கு மேல் உயர்ந்த தூண்களில் நிற்கும் ஒரு கொங்கிரீட் கூரை. புகழ் பெற்றது. மாணவருக்கு அதன் நிழல் பிடித்திருந்தது. எமக்கு அதற்குள் வைத்திருந்த சிறிய தராசுகளும், முத்தைத் தரம் பிரிக்கும் துளையிட்ட கிண்ணங்களும் பிடித்திருந்தன.

அங்கிருந்து ஒடுங்கிய சந்துகளில் நடந்து, தோணியில் உழைத்தோர் குடியிருந்த வீடொன்றுக்குச் சென்றோம். பவளக் கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டியது. சிறிய முற்றம், அதைச் சூழ ஒடுக்கமான அறைகள். அங்கேதான் வழிகாட்டி கணக்கைச் சொன்னார். மன்னாரில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவர். வாங்கியவர் அதனை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பார். இங்கே முறை வேறு. ஒரு நாள் எடுத்த சிப்பிகளையெல்லாம் ஒரே குவியலாக்கி, மறுநாள் காலை நோகதாவின் கண் முன்னே கத்தியால் திறப்பர். ஆகவே பெருமுத்தை எடுத்தவர் யார் என்பது எடுத்தவருக்கே தெரியாது. விற்ற பணத்தில் செலவு கழித்து, குளியாளருக்கு மூன்று பங்கென்றால் கயிறிழுப்பவருக்கு இரண்டு. ஆனால் அந்தப் பங்கு கைக்கு வருவது அரிது. பருவம் தொடங்குமுன் குடும்பம் உண்ண முற்பணம் வாங்கியிருப்பார்கள். முடிவில் பங்கைவிட முற்பணமே கூடுதலாக நிற்கும். மீதி அடுத்த ஆண்டுக் கடன். கடன் தீராதவர் வேறு நோகதாவிடம் போக முடியாது. அவர் இறந்தால் கடன் மகன் மீது இறங்கும். மகன் தோணியேறுவான்.

இது பஹ்ரைனுக்கு மட்டும் உரியதன்று, புதியதும் அன்று. 14ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இபின் பதூதா, இந்த வளைகுடாவின் முத்து வணிகரிற் பலர் குளியாளருக்குக் கடன் கொடுத்தவர்களே என்றும், முத்து கடனுக்கே போய்விடும் என்றும் எழுதியிருக்கிறார். அதே பயணிதான் 1344ஆம் ஆண்டு இலங்கையின் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, அரசன் முன்னிலையில் முத்துகள் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டவர். இங்கே 1920களில் சீர்திருத்தம் செய்தனர். ஒவ்வொரு குளியாளரின் கணக்கும் தனிப் புத்தகத்தில் எழுதி அவர் கையிலேயே கொடுக்கப்பட வேண்டும் என்று விதி வந்தது. (இவ்விடத்தில் நாம் மாணவர் பக்கம் திரும்பி எழுத்தறிவின் பயனைப் பற்றிச் சிறிது பேசினோம். ஆசிரியப் பழக்கம், பொறுத்தருள்க.) அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் வந்துவிட்டன. 1932ஆம் ஆண்டு குளியாளர் கலகம் ஒன்று நடந்தது. அதே ஆண்டு யூன் மாதத்தில் ஜபல் துக்கானில் எண்ணெய் கிடைத்தது.

அப்போது மாணவர் ஒருவர் கேட்டார்: "சேர், அப்பா கடன் பட்டால் மகன்தான் கட்ட வேண்டுமா?"

அவருடைய பெயரை நாம் எழுதப் போவதில்லை. அவருடைய தந்தை அன்று வரவில்லை. அவருக்குச் சனிக்கிழமையும் வேலை. வந்திருந்த பெற்றோர் சிலர் தரையைப் பார்த்தனர். முகவருக்குக் கொடுக்கப் பணம் புரட்டாமல், நகை அடகு வைக்காமல் இந்த நாட்டுக்கு வந்தவர் நம்மில் எத்தனை பேர்? நாமே முதல் ஈராண்டுச் சம்பளத்தை அந்தக் கடனுக்குக் கொடுத்தவர்கள்தாம். "இல்லை, இக்காலத்தில் தந்தையின் கடனுக்காக மகனைப் பிடித்துத் தோணியில் ஏற்ற எவராலும் முடியாது" என்று சொல்லிவிட்டு, நேரமாகிறது, நடங்கள் என்று கையசைத்தோம். சொன்னது பிழையன்று. ஆனால் நாம் சொன்னது அவர் கேட்டதற்கு விடையன்று என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அங்காடிக்குத் திரும்பி அல்வாக் கடைக்குள் நுழைந்தோம். வட்டத் தட்டுகளில் குங்குமப்பூ நிறத்தில் பளபளக்கும் அல்வா. மாப்பசை, சர்க்கரை, நெய், ஏலம், முந்திரி, பாதாம். "மஸ்கட்!" என்று இலங்கைப் பிள்ளைகள் கூவினர். "இது மஸ்கோத் அல்வா" என்றனர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பிள்ளைகள். இரண்டு பெயரும் ஓமானின் துறைமுகத்தை நினைவூட்டுவன. பிள்ளைகள் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கையில் எமக்குப் புத்தளத்தில் ஒரு வீட்டுத் திண்ணையும், அங்கே ஒரு தட்டில் வைத்த மஸ்கட்டும் நினைவுக்கு வந்தன. அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லாது விட்டது அதுதான்.

எமது தந்தையார் சிலாவத்துறைச் சம்மாட்டி ஒருவரிடம் குளித்தார். சம்மாட்டி முஸ்லிம். ஆண்டுதோறும் முற்பணம் வாங்குவதும் சங்கில் கழிப்பதும் அவர்களுக்குள் நடந்து வந்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. கடல் பூட்டப்பட்டது. ஆவணி மாதத்தில் நாம் தோணியேறினோம். ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் ஊரை விட்டு வெளியேற்றினர். சிலாவத்துறையும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் உடைமைகளை அப்படியே விட்டுவிட்டுப் போயின. பலர் புத்தளத்தில் முகாமிட்டனர். எங்களோடு ஒரே கிணற்றில் நீரள்ளியவர்கள். நாம் அகதியானதைப் பற்றி மேடைகளில் பேசும் நம்மவர் பலர் இதனைப் பேசுவதில்லை. நாமும் நெடுங்காலம் பேசியதில்லை.

தந்தையார் 1998இல் மண்டபம் முகாமில் இறந்தார். நுரையீரல் கெட்டிருந்தது. இறக்கும் முன் சொன்னது சம்மாட்டியின் கணக்கைப் பற்றி. "ஆயிரத்து எண்ணூறு நிற்குது. குடுத்துவிடு" என்றார். அது 1990இன் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். நாம் முகாம் உதவித்தொகையில் வாழ்ந்துகொண்டிருந்த மாணவன். ஊர் திரும்பிய போதும் கொடுக்கவில்லை. சம்மாட்டி வீடிருந்த இடத்தில் பற்றைக்காடு இருந்தது. பஹ்ரைன் வந்து எமது சொந்தக் கடன் தீர்ந்த பிறகு, 2013இல் விடுமுறையில் சென்றபோது, புத்தளத்தில் விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். சம்மாட்டியும் காலமாகியிருந்தார். அவருடைய மனைவி இருந்தார்.

எவ்வளவு கொடுப்பது என்பதே எமக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. கணிதம் கற்பித்தவர் நாம். இருபத்து மூன்று ஆண்டுக்கு என்ன வட்டி? அவர்கள் வட்டியைத் தொடமாட்டார்கள். அப்படியானால் அன்றைய ஆயிரத்து எண்ணூறுக்கு எத்தனை மூடை அரிசி, இன்று அத்தனை மூடைக்கு என்ன விலை என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்து, இறுதியில் 25,000 ரூபாயை உறையிலிட்டுச் சென்றோம். விடயத்தைச் சொன்னபோது அந்த அம்மையார் வெகு நேரம் எம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்குக் கொப்பி அலுமாரிக்குள்ள கிடந்தது, மகன். எடுக்க விடல்ல" என்றார். பிறகு, "கடைசி நடைச் சங்குக்கு விலை பேசி முடியேக்குள்ள கடல் பூட்டிப் போட்டாங்க. உங்கட வாப்பா எங்களுக்குத் தரவேணுமோ, நாங்க அவருக்குத் தரவேணுமோ, ஆருக்குத் தெரியும்?"

தந்தையார் இதனைச் சொன்னதேயில்லை. அந்தக் கடைசி நடைச் சங்கை நாம் கண்டிருக்கிறோம். சம்மாட்டியின் வளவில் சாக்கு விரித்துக் கொட்டியிருந்தார்கள். எண்ணிக்கை எமக்கும் தெரியாது.

உறையை அவர் தொடவில்லை. தேநீரும் மஸ்கட்டும் வந்தன. உண்ணாமல் எழும்ப விடவில்லை. நாம் உறையை மீண்டும் நீட்டினோம். அவர் தம் மகனை அழைத்தார். 2009இல் போர் முடிந்த பின் ஊருக்குத் திரும்பத் தொடங்கியிருந்த சிலர் சிலாவத்துறைப் பக்கம் பள்ளிவாசல் திருத்தப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தனர். அதற்குப் பற்றுச்சீட்டு எழுதச் சொன்னார். மகன் எமது பெயரைக் கேட்டார். "அவர்ர பேர் வேணாம். வாப்பாட பேரை எழுது" என்றார் அம்மையார். எமது தந்தையாரின் பெயர் எழுதிய அந்தச் சீட்டு எம்மிடம் இருக்கிறது. அகதி முகாமின் பங்கீட்டு அட்டைக்குப் பிறகு அவர் பெயர் எழுதப்பட்ட தாள் எம்மிடம் அது ஒன்றுதான்.

அந்தப் பிள்ளை கேட்டது சட்டத்தைப் பற்றியா, இதைப் பற்றியா என்று எமக்குத் தெரியாது. கேட்டவருக்குப் பன்னிரண்டு வயது. இரண்டையும் எழுதிவிட்டோம்.

முத்துப் பாதையின் வட கோடியில் முத்து வணிகரான சியாதி குடும்பத்தின் மாளிகையும் மஜ்லிஸும் பள்ளிவாசலும் ஒருங்கே நிற்கின்றன. வெண்சுண்ணத்தில் செதுக்கிய பூவேலையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கண்ணுக்கு விருந்து. 1912இல் பாரிஸ் நகை வணிகர் ஜாக் கார்ட்டியே பஹ்ரைனுக்கு முத்துத் தேடி வந்து இத்தகைய வணிகரோடு அமர்ந்து எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்று உண்டு. மாணவியர் அங்கே நிறையப் படம் பிடித்தனர். நாம் அதற்குள் களைத்திருந்தோம்.

மதிய உணவுக்கு முஹம்மர். பேரீச்சம் பாகில் வேகவைத்த இனிப்புச் சோறு, அதனுடன் பொரித்த சாஃபி மீன். "சார், சர்க்கரைப் பொங்கலுக்கு மீனா!" என்று ஒரு மேசையே அதிர்ந்தது. நாள் முழுவதும் நீருக்குள் கிடந்து மேலே வந்தவருக்கு உடம்பு தேற வேண்டும், அதனாலேயே இனிப்பு என்றார் வழிகாட்டி. சாஃபி வேறெதுவுமன்று, நம் கரையில் ஓரா எனப்படுகிறதே, அதே இன மீன்தான். முதுகு முள் குத்தினால் கடுக்கும் என்பதும் இங்கும் தெரிந்திருக்கிறது. முதலில் முகம் சுளித்தவர்களே இரண்டாம் தட்டு கேட்டனர். கேள்வி கேட்ட மாணவர் எமக்கு எதிரில் அமர்ந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டு உண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. வாகனத்தில் ஏறும்போது மட்டும், உங்கள் அப்பா எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பார் என்றார். தோணியில் நாம் விரல் விட்டு எண்ணுவோம், நூறு வரை தெரியும், அதற்கு மேல் பயத்தில் எண்ணிக்கை தவறிவிடும் என்றோம்.

வரும் தை மாதத்திலும் இந்நடை இடம்பெறும். சென்ற முறை வேலை காரணமாக வர இயலாத தந்தையர் மூவர் இப்போதே பெயர் தந்துள்ளனர். ஏனையோர் மார்கழி முடிவதற்குள் வகுப்பாசிரியரிடம் பதிவு செய்க. தட்டையான காலணி நன்று. குடிநீர் கொண்டு வருக. காலை உணவு உண்ணாமல் வருக. பேரீச்சம்பழம் அங்கே கிடைக்கும். கஹ்வா போதுமென்றால் கிண்ணத்தை ஆட்ட மறவாதீர்கள்.